சனிக்கிழமைக் கூலி

மேஸ்திரி: அதெல்லாம் இருக்கட்டும் தங்கச்சி. நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணு. செங்கல் சூளைக்கு வரீங்களா, வரலையா?

மனைவி: முதல்ல உக்காருங்கண்ணே. வந்ததும் வராததுமா இப்படிக் கேட்டா எப்படி?

மேஸ்திரி: உக்கார நேரமில்லம்மா. தெரு முனையில வண்டி நிக்குது. மழை விட்டு வெயில் அடிக்க ஆரம்பிச்சாச்சு. சூளையில மண்ணைக் கொட்டி வெச்சுட்டு முதலாளி என் உயிரை எடுக்கறாரு. கல்லு அறுக்க ஆள் எங்க, ஆள் எங்கன்னு... ஆமா, உன் வீட்டுக்காரன் எங்க?

மனைவி: தலைக்கு மேல.

மேஸ்திரி: என்னது?

கணவன்: இங்கதான் மச்சான். கூரையில. அண்ணாந்து பாருங்க.

மேஸ்திரி: அட! அங்க என்ன மாப்ளே பண்றே?

கணவன்: தகரம் அடிக்கறேன். கொஞ்சம் ஓரமா நில்லுங்க, ஆணி விழுந்தாலும் விழும்.

மேஸ்திரி: ஊருக்குக் கிளம்பற நாள்ல எவனாவது கூரை மாத்துவானா? சீசன் முடியற வரைக்கும் பூட்டிக் கிடக்கப்போற வீடு!

மனைவி: அதான்ண்ணே... பூட்டற மாதிரி இல்ல.

மேஸ்திரி: ...என்ன சொன்னே?

மனைவி: டீ ஆறிடும், குடிங்க.

மேஸ்திரி: டீ கிடக்கட்டும். வருஷா வருஷம் இதே வாசல்ல வந்து நிக்கறேன். நீ பாத்திர மூட்டையோட வருவே, மாப்ளே பாயைச் சுருட்டிட்டு வருவான், பாப்பா பின்னாலேயே ஓடி வரும். இந்த வருஷம் என்ன புதுசா?

மனைவி: வருஷா வருஷம் எப்படி வந்தோம்னு உங்களுக்குத் தெரியாதாண்ணே? கொட்டற மழையில, ஒரு வேலையும் இல்லாத நேரமாப் பார்த்து வருவீங்க. அடுப்பு எரியாது. அட்வான்ஸை நீட்டுவீங்க. வாங்குவோம். வாங்கின அன்னைக்கே எங்க மூணு பேரையும் வித்தாச்சு.

மேஸ்திரி: ஆபத்துக்கு உதவினதை இப்படியா சொல்றது?

மனைவி: உதவிதான், இல்லைங்கல. ஆனா ஆயிரம் கல்லுக்கு என்ன கூலின்னு வாயைத் திறந்து கேக்க முடிஞ்சுதா? அட்வான்ஸை வாங்கித் தின்ன வாயாச்சே.

மேஸ்திரி: இந்த வருஷமும் மழையில வந்தேனே! டீயைக் கொடுத்தே, 'உடம்பைப் பார்த்துக்கங்கண்ணே'ன்னு சொன்னே, அனுப்பி வெச்சுட்டே.

மனைவி: கையில கொஞ்சம் இருந்துச்சு.

மேஸ்திரி: ஓஹோ... அந்த அரசாங்கக் காசா? மாசா மாசம் பொம்பளைங்க கணக்குல போடறாங்களே, அதுவா?

மனைவி: அதேதான்.

மேஸ்திரி: அது கால் வயித்துக்குக் காணுமா? அதை நம்பியா முதலாளியைப் பகைச்சுக்கறே?

மனைவி: வயிறு நிறையாதுண்ணே. சத்தியமா நிறையாது. ஆனா...

கணவன்: மளிகைக் கடைக்காரர் இப்பல்லாம் என்னை 'வாங்க'ங்கறாரு மச்சான்!

மேஸ்திரி: யாரு, அந்த முசுடா?

கணவன்: ஆமா! முன்னெல்லாம் 'என்னடா'ம்பாரு. அதுவும் நாலு பேருக்குச் சாமான் கட்டிக் கொடுத்த பிறகுதான் திரும்பிப் பார்ப்பாரு. முதல் தடவை 'வாங்க'ன்னதும் எனக்குப் பின்னால யாரோ வர்றாங்கன்னு நான் திரும்பிப் பார்த்தேன்.

மனைவி: குறுக்கே பேசாதய்யா. ஆணியைப் பாரு.

கணவன்: கண்ணு ஆணியைத்தான் பாக்குது. வாய் சும்மாதானே இருக்கு.

மேஸ்திரி: கூரை ஏறினதும் இவனுக்கு வாய் நீண்டுடுச்சு!

மனைவி: நடு மழையில பாப்பாவுக்குக் காய்ச்சல் வந்துச்சுண்ணே. எப்பவும் யார் வாசல்ல போய் நிக்கறதுன்னு யோசிச்சு முடிக்கறதுக்குள்ள காய்ச்சல் முத்திடும். இந்தத் தடவை விடிஞ்சதும் பஸ் ஏறினோம், ஊசி போட்டோம், வந்தோம். அவ்வளவுதான். பெரிசா எதுவும் வாங்கிக் குவிக்கலை. ராத்திரி படுத்தா தூக்கம் வருது.

மேஸ்திரி: ம்... பாப்பா எங்க? குரலையே காணோம்.

மனைவி: பள்ளிக்கூடத்துல.

மேஸ்திரி: போய்க் கூட்டிட்டு வந்துடு. வண்டியில முன்சீட்டுல உக்கார வெச்சுக்கறேன். காயப் போட்ட பச்சைக் கல்லைப் புரட்டிப் போட அவ கைக்கு ஈடு ஏது? ஒரு முனை உடையாம திருப்புவா.

மனைவி: அந்தப் பேச்சை மட்டும் விட்டுடுங்கண்ணே.

மேஸ்திரி: ஏன் கோவிச்சுக்கறே?

மனைவி: அவளுக்குக் கூட்டல் தெரியும், கழித்தல் தெரியும், பெருக்கல்கூட ஏதோ சொல்லுவா. வகுத்தல் தெரியாது. ஏன் தெரியுமா? வகுத்தல் புஸ்தகத்துல பின்பாதியிலதான் வருதாம். பாதிப் புஸ்தகம் தாண்டறதுக்குள்ள நீங்க வந்துடுவீங்க. திரும்பி வரும்போது பரீட்சையே முடிஞ்சிருக்கும்.

மேஸ்திரி: எனக்கும்தான் வகுத்தல் தெரியாது. நான் மேஸ்திரி ஆகலையா?

மனைவி: அதான் எங்க பங்கு எப்பவும் குறையுதா?

கணவன்: அப்படிப் போடு!

மேஸ்திரி: சிரிங்க, ரெண்டு பேரும் நல்லாச் சிரிங்க. என் நிலைமை உங்களுக்கு எங்க புரியும்? அட்வான்ஸ் வாங்கினவன் ராத்திரியோட ராத்திரியா ஓடிப்போனா முதலாளி யார் கழுத்தைப் பிடிப்பாரு? என் கழுத்தை. எனக்கும் பொண்டாட்டி பிள்ளை இருக்கு.

மனைவி: இல்லைன்னு யார் சொன்னா?

மேஸ்திரி: சரி, அதை விடு. உன் நல்லதுக்குச் சொல்றேன். மத்தவங்கல்லாம் வண்டியில ஏறி உக்காந்தாச்சு. கிணத்தடி வீட்டுக்காரங்க, முடிவெட்டுறவரோட தம்பி குடும்பம், அந்த இரட்டைப் பிள்ளைக்காரி... இடம் பிடிச்சு, சண்டை போட்டு, உக்காந்தாச்சு. நீங்கதான் பாக்கி.

மனைவி: இரட்டைப் பிள்ளைக்காரி ஏறிட்டாளா?

மேஸ்திரி: ஏறிட்டா.

மனைவி: பிள்ளைங்களோடயா?

மேஸ்திரி: பின்ன, விட்டுட்டா வருவா?

மனைவி: அந்த ரெண்டும் அழுதா நாலு தெரு தாண்டிக் கேக்குமே. இத்தனை நேரமா ஒரு சத்தத்தையும் காணோம்.

மேஸ்திரி: ...தூங்குதோ என்னவோ.

கணவன்: மச்சான், கூரையிலேர்ந்து தெரு முனை நல்லாத் தெரியுது. டிரைவர் மட்டும் பீடி பிடிச்சுட்டு நிக்கறாரு.

மேஸ்திரி: நீ இறங்கித் தொலைடா முதல்ல!

மனைவி: அண்ணே... யாருமே ஏறலை, அப்படித்தானே?

மேஸ்திரி: ...டீயைக் கொடு இப்படி.

மனைவி: ஆறிப்போச்சு. சூடு பண்ணித் தரட்டுமா?

மேஸ்திரி: வேணாம். என் பொழைப்பும் அப்படித்தான் ஆறிக் கிடக்கு. ஒருத்தரும் வரமாட்டேங்கறாங்க. எல்லா வீட்லயும் ஒரே பாட்டு. கேட்டா 'கூரைவீட்டுக்கார அக்காகிட்டப் பேசுங்க'ங்கறாங்க. என்னம்மா நடக்குது இந்தத் தெருவுல? சங்கமா வெச்சிருக்கே?

மனைவி: சங்கமெல்லாம் இல்ல. பேங்குக்கு எல்லாரும் ஒண்ணாத்தான் நடந்து போவோம். தூரம் அதிகம். நடக்கும்போது வாய் சும்மா இருக்குமா?

மேஸ்திரி: என்ன பேசினீங்க?

மனைவி: வேலைக்கு வரமாட்டோம்னு யாரும் சொல்லலைண்ணே. கல்லு அறுக்கத் தெரிஞ்ச கை, சும்மா இருக்காது. ஆனா அட்வான்ஸ் வேணாம். சனிக்கிழமை சனிக்கிழமை கூலியைக் கையில கொடுத்துடணும். ஆயிரம் கல்லுக்கு இன்னும் கொஞ்சம் கூட்டிக் கொடுக்கணும். ஆம்பளைங்க மட்டும் வருவாங்க, சனிக்கிழமை வீட்டுக்கு வந்துட்டு திங்கக்கிழமை திரும்புவாங்க. பிள்ளைங்க பள்ளிக்கூடத்துல இருக்கும், நாங்க அதுகளோட இருப்போம். பிடிக்கலைன்னா நாங்களும் வேற வேலை பார்ப்போம், நீங்களும் வேற ஆள் பார்க்கலாம்.

மேஸ்திரி: அடேங்கப்பா! இதை முதலாளிகிட்டச் சொன்னா சிரிப்பாரு.

மனைவி: சிரிக்கட்டும். எங்களுக்கு அவசரமில்ல.

மேஸ்திரி: அவசரமில்லையா... ஏன் தங்கச்சி, இந்த மாசக் காசு வந்துடுச்சா?

மனைவி: ...வந்துடுச்சே. வராம என்ன?

மேஸ்திரி: வந்துடுச்சு?

மனைவி: வந்துடுச்சுண்ணே.

மேஸ்திரி: மாப்ளே, வந்துடுச்சாடா?

கணவன்: அவதான் சொல்றாளே... நான் ஆணியைப் பாக்கறேன்.

மேஸ்திரி: ம். சரி. இரு, போன் போடறேன். ரெண்டு பேரும் மூச்சு விடக்கூடாது.

கணவன்: சுத்தியலையும் கீழ வெச்சுட்டேன்.

மேஸ்திரி: ஹலோ... ஐயா, நான்தான். ...இங்கதான்யா இருக்கேன். ...இல்லைங்கய்யா, ஒருத்தரும் ஏறலை. ...நீட்டினேன்யா. அட்வான்ஸைத் தொட்டுக்கூடப் பாக்கலை. ...முன்ன மாதிரி இல்லைங்கய்யா, எல்லார் கையிலயும் காசு புழங்குது. இப்ப ஒரு வீட்டு வாசல்லதான் நிக்கறேன், கூரைக்குப் புதுத் தகரம் போடறாங்க, வெயில் பட்டு எனக்குக் கண்ணு கூசுது!

கணவன்: அடியே, எல்லாம் சேர்த்து ரெண்டே தகரம்...

மனைவி: ஷ்ஷ்!

மேஸ்திரி: ...வாரக்கூலி கேக்கறாங்கய்யா. ஆயிரத்துக்குக் கொஞ்சம் கூட்டியும் கேக்கறாங்க. ...ஐயா, ஐயா, என்கிட்ட ஏன் கத்தறீங்க? நானா கேக்கறேன்? ...காத்திருந்து பாக்கறதா? பாருங்க. அவங்களுக்கு அவசரமில்லையாம். கொட்டின மண்ணு உங்களுதுய்யா. ...வேற ஊருக்குப் போனாலும் அங்கயும் இதே கதைதான், போன வாரமே சுத்திப் பார்த்துட்டேன். ...ம்... ம்... இன்னொண்ணுங்கய்யா, அட்வான்ஸ் கொடுக்கலைன்னா எவனாவது ஓடிப்போவானோன்னு பயமும் இல்ல பாருங்க. உங்களுக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி. ...ம்... சரிங்கய்யா. ...சரிங்கய்யா. வெச்சுடறேன்.

மனைவி: ...என்னண்ணே?

மேஸ்திரி: தண்ணி கொடும்மா முதல்ல. தொண்டை காய்ஞ்சு போச்சு.

மனைவி: இந்தாங்க. சொல்லுங்களேன்!

மேஸ்திரி: வாரக்கூலிக்கு ஒத்துக்கிட்டாரு.

கணவன்: நிஜமாவா!

மேஸ்திரி: பார்த்து, பார்த்து! விழுந்து தொலைக்காதே. சனிக்கிழமை சாயங்காலம் கையில காசு. ஆம்பளைங்க மட்டும் போதும். கூலி நீங்க கேட்டதுல பாதிதான் ஏத்துவாராம்.

மனைவி: பாதிதானா?

மேஸ்திரி: தங்கச்சி!

மனைவி: சரி, சரி... பாதி போதும். இந்த வருஷத்துக்கு.

மேஸ்திரி: கேட்டியா மாப்ளே? 'இந்த வருஷத்துக்கு'ங்கறா. அடுத்த வருஷம் என் கதி என்னன்னு தெரியல. சரி, தகரத்தை முடிச்சுட்டு இறங்கு. நாளைக்குக் காலையில வண்டி வரும். நான் போய் மத்த வீட்ல சொல்லிடறேன்.

கணவன்: மச்சான், ஒரு நிமிஷம். இதோ இறங்கிட்டேன். ஒண்ணு சொல்லணும், மனசு கேக்கல.

மனைவி: வாயை மூடுய்யா!

கணவன்: இருக்கட்டும். நமக்காகப் பேசின மனுஷன்கிட்ட என்ன ஒளிவு மறைவு? மச்சான்... இந்த மாசக் காசு இன்னும் வரலை. போன மாசமும் வரலை. தகரம் அதுக்கு முன்னாடி வாங்கிப் போட்டது. அரிசிப் பானைக்குள்ள கையை விட்டா அடி தட்டுது. நீங்க இன்னும் ஒரு அதட்டு அதட்டியிருந்தா, நான் கூரையிலேர்ந்து நேரா வண்டியிலதான் குதிச்சிருப்பேன்.

மனைவி: ...தப்பா நினைக்காதீங்கண்ணே. கதவுக்குப் பின்னால மூட்டைகூடக் கட்டித்தான் வெச்சிருந்தேன்.

மேஸ்திரி: நான் எதுக்குத் தப்பா நினைக்கறேன் தங்கச்சி? என் வீட்டுக்காரியும் அதே பேங்க்லதான் கணக்கு வெச்சிருக்கா. காலையில இந்தத் தெருவுல நுழையறதுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும், ரெண்டு மாசமா யாருக்குமே காசு வரலைன்னு. அடுத்த வாரம் மொத்தமாப் போடறாங்களாம், நேத்து அவகிட்டச் சொல்லி அனுப்பியிருக்காங்க... முதலாளிக்கு மட்டும் இது எதுவுமே தெரியாது.