ஒன்பதாம் நம்பர் தோட்டா

“வாத்தெல்லாம் தப்பினதுக்கு நீதான் காரணம்.”

சுவிஸில் நொஷாட்டல் போகும் ரயிலில், புகை பிடிக்கும் பெட்டியில், எனக்கு எதிரே இருந்த, ஹோட்டல் குசினியில் சமைக்கும் இருவரில் மூத்தவர் சொன்னார்.

“முதலாளி வேட்டைக்கு நாலாம் நம்பர் தோட்டா எல்லோ கேட்டவர்? ஏன் ஒன்பது வாங்கினனி?”

“பெரிய நம்பர் எண்டால் பெரிய குண்டு எண்டு நினைச்சன் அண்ணை.”

“நம்பர் கூடக் கூடக் குண்டு சின்னனடாப்பா. கடுகு மாதிரி. வாத்து செட்டையை உதறிப்போட்டுப் பறந்திட்டுது.”

“அதுகளுக்கும் நல்ல காலம்தானே.”

இருவரும் கண்ணீர் வரச் சிரித்தார்கள். ரயிலில் கத்திச் சிரிப்பவர்களை எனக்குப் பிடிக்காது. இவர்களைப் பிடித்தது.

மூத்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “சிரிச்சது காணும். நான்தான் வாங்கினது எண்டு நினைச்சு முதலாளி என்னோடை கதைக்கிறேல்லை. நாளைக்குக் குசினியிலை எல்லாருக்கும் முன்னாலை நீயே சொல்லவேணும், ஆர் வாங்கினது எண்டு.”