பின் சக்கரத்தில் சுற்றிய வலை

1956-ஆம் வருடம் பிப்ரவரி 18-ஆம் தேதி சனிக்கிழமை காலை பத்தரை மணிக்கு, மகாபலிபுரம் போலீஸ் ஸ்டேஷனில், ஏட்டு முன்பாகச் சொல்லி எழுதப்பட்டது.

என் பெயர் ஞானதாஸ். தகப்பனார் பெயர் சாலமோன். வயது 34. செங்கல்பட்டு டிரங்க் ரோட்டில் மோட்டார் ஷெட் வைத்திருக்கிறேன். யுத்த காலத்தில் பட்டாளத்தில் ஜீப் மெக்கானிக்காக இருந்தேன். என்னை யாரும் பிடித்து வரவில்லை. நானாகவே என் சம்சாரம் மேரியுடன் முதல் பஸ்ஸில் வந்தேன்.

செங்கல்பட்டு வக்கீல் வெங்கடராகவன் அவர்களிடம் பட்டாள ஏலத்தில் எடுத்த பழைய ஜீப் ஒன்று இருக்கிறது. அதன் டிரைவர் தேவசகாயம், மேரியின் அண்ணன், எனக்கு மச்சான். போன வாரம் வெள்ளிக்கிழமை அவர் ஜீப்பை என் ஷெட்டுக்குக் கொண்டுவந்து, பின் பக்கம் பிரேக் பிடிக்கவில்லை, சக்கரத்தில் எண்ணெய் வழிகிறது என்று சொன்னார். நான் இரண்டு பின் சக்கரங்களையும் கழற்றி, ஆக்ஸிலை உருவிப் பார்த்ததில், எண்ணெய் வெளியே வராமல் அடைக்கிற ஆயில் சீல் இரண்டும் தேய்ந்து, எண்ணெய் பிரேக் கட்டைமேல் இறங்கியிருந்தது. பேரிங்குகளும் அரித்துப் போயிருந்தன. அதன் பிறகு பேரிங்குகளுக்கு மதராசுக்கு ஆள் அனுப்பினேன். சீல் அங்கேயும் கிடைக்காததால் நானே நல்ல தோலில் வெட்டி, இரண்டு நாள் விளக்கெண்ணெயில் ஊறவைத்தேன். ஊறாத தோலை மாட்டினால் ஒரே நாளில் கருகிவிடும். செவ்வாய்க்கிழமை பேரிங் வந்தது. அதன் பிறகு எல்லாவற்றையும் மாட்டி, சக்கரம் இறுகும் வரை நட்டை முடுக்கி, பிறகு ஆறில் ஒரு சுற்று தளர்த்தி வைத்தேன். இந்தக் கணக்கு வழக்குக்கு வேண்டாம் என்று ஏட்டய்யா சொல்கிறார். வேலையில் குறை இல்லை என்பதற்காக எழுதச் சொல்கிறேன்.

புதுப் பேரிங் போட்டால் வண்டியைப் பத்துப் பன்னிரண்டு மைல் ஓட்டி, சக்கரத்தின் நடுவில் உள்ளங்கையை வைத்துப் பத்து எண்ண வேண்டும். அதுவரை கை சூட்டைத் தாங்கினால் பேரிங் சரி. தாங்காவிட்டால் திரும்பக் கழற்ற வேண்டும். இப்படிப் பார்க்காமல் நான் எந்த வண்டியையும் கொடுப்பதில்லை. வக்கீல் அய்யா, சிங்கப்பெருமாள் கோயில் வரை போய்த் திரும்பினால் போதும், அதைத் தாண்டக் கூடாது என்று முன்பே சொல்லியிருந்தார்.

16-ஆம் தேதி வியாழக்கிழமை மத்தியானம் ஜீப்பைக் கிளப்பும்போது மேரி சாப்பாடு கொண்டுவந்தாள். கலியாணமாகி ஆறு வருடமாக அவள் கடலைப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். "பதினெட்டு மைலு தானே, ஏறு"ன்னு சொன்னேன். சிங்கப்பெருமாள் கோயில் இருப்பது வடக்கே. நான் போனது கிழக்கே. அதற்கு நான் சாக்குச் சொல்லவில்லை.

அதன் பிறகு திருக்கழுக்குன்றம் வழியாக மகாபலிபுரம் வந்து சேர்ந்தோம். கடலைப் பார்த்ததும் மேரி ஜீப்பிலேயே எழுந்து நின்றுவிட்டாள். எனக்குச் சந்தோஷம் தலைக்கேறி, நாலு சக்கரமும் இழுக்கிற கியரைப் போட்டு, மணலில் இறக்கி ஓட்டிக் காட்டினேன். மணல்மேல் வலை காயப்போட்டிருந்தது. மணலும் வலையும் ஒரே நிறமாக இருந்ததால் எனக்குத் தெரியவில்லை. தூரத்தில் ஓர் அம்மா கையைத் தூக்கிக் கத்திக்கொண்டு ஓடிவந்தார். அலைச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. ஜீப் மணலில் ஓடுவதைப் பார்த்துக் குஷியாகிவிட்டார் என்று நினைத்து நானும் கை அசைத்தேன், மேரியும் அசைத்தாள். அவர் இன்னும் வேகமாக ஓடிவந்தார். நாங்கள் இன்னும் பலமாக அசைத்துவிட்டுப் போய்விட்டோம்.

திரும்பும்போது திருக்கழுக்குன்றத்தில் நிறுத்திக் கை வைத்துப் பார்த்தேன். வலது சக்கரத்தில் பத்து எண்ணும் வரை கை தாங்கியது. இடது சக்கரத்தில் மூன்றுக்குமேல் முடியவில்லை. ஷெட்டில் வந்து கழற்றினால், சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்புக்குப் பின்னால் வலை நூல் கயிறாக முறுக்கிக்கொண்டு, என் புதுச் சீலை அறுத்திருந்தது. நடுவில் ஒரு சிவப்புத் துணி. அப்போதுதான் அந்த அம்மா ஏன் கத்தினார் என்பது புரிந்தது. வெட்கமாக இருந்தது. மறுநாளே போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று மேரி சொன்னாள். முதலில் சீலை மாட்டிவிட்டுப் போகலாம் என்று நான் தள்ளிப்போட்டேன். அது என் தவறு.

இன்று விடிந்ததும் மச்சானின் சம்சாரம் செல்லம்மா ஷெட்டுக்கு ஓடிவந்து, "அண்ணே, ஜீப்பை நான்தான் ஓட்டினேன்னு சொல்லி அவரு ஸ்டேஷன்ல குந்திகினு கீறாரு. வேற டிரைவரைப் பாத்துக்கறேன்னு வக்கீல் சொல்லிட்டாராம். இவரு அன்னிக்கு வூட்ட வுட்டு நகரவே இல்ல"ன்னு அழுதாள். விசாரித்ததில், வலைக்குச் சொந்தக்காரரான பாப்பா என்ற அம்மா, ஒட்டுப்போட்ட கித்தான் கூரையை அடையாளம் சொல்லி ஜீப்பின் பேரில் புகார் கொடுத்தார் என்றும், நேற்று சாயங்காலம் போலீசார் வக்கீல் வீட்டுக்கு வந்து கேட்டபோது, ஓட்டியது நான்தான் என்று ஊகித்த மச்சான் என்னைக் காப்பாற்றப் பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டார் என்றும் தெரிந்தது.

நாங்கள் இங்கே வந்தபோது மச்சான் பெஞ்சில் இருந்தார். நான் உண்மையைச் சொன்னேன். "இவன் சொல்றத நம்பாதீங்க சார்"னு அவர் மறித்தார். இரண்டு பேரும் நான்தான் என்று சொன்னதால் ஏட்டய்யா பேஜாராகி, மச்சானைப் பார்த்து, "அந்தம்மா கத்தச்சொல்லோ நீ இன்னா பண்ணே?" என்று கேட்டார். மச்சான் யோசிக்காமல், "வண்டிய நிறுத்தி, எறங்கி, மன்னாப்பு கேட்டேன் சார்" என்று சொன்னார்.

அதைக் கேட்டு, ஸ்டேஷனுக்கு வந்திருந்த பாப்பா அம்மா சிரித்துவிட்டார். "எங்க நைனா நிறுத்துனாங்க? மவராசா கணக்கா கை ஆட்டிகினு போனாங்க. பக்கத்துல இந்தப் பொண்ணும் ஆட்டிச்சி" என்று மேரியைக் காட்டினார். நான் டப்பாவில் கொண்டுவந்த நூலையும் துணியையும் அவரிடம் கொடுத்தேன். சிவப்புத் துணியைத் தடவிப் பார்த்து, வலைக்கு அடையாளமாகத் தான் கட்டிய பழைய புடவைக் கிழிசல்தான் என்றார். அந்த டப்பாவை இத்துடன் ஒப்படைக்கிறேன்.

நானும் மேரியும் வந்து உட்கார்ந்து, கிழிந்த வலையை முடிந்து கொடுத்தால் புகாரைத் திரும்ப வாங்கிக்கொள்வதாகப் பாப்பா அம்மா சொல்லியிருக்கிறார். சம்மதித்திருக்கிறோம். எட்டு நாள் வேலையாம். மேரிக்கு இதில் வருத்தம் இருப்பதாகத் தெரியவில்லை, இப்போதே ஜன்னல் வழியாகக் கடலைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

ஜீப்பில் அறுந்த சீலுக்குப் பதிலாக, முன்பே ஊறவைத்து மிச்சமிருந்த தோலில் வெட்டிய சீலை நேற்றே மாட்டியாகிவிட்டது. இந்த வாக்குமூலத்தை வக்கீல் அய்யாவுக்குப் படித்துக் காட்டும்படி கேட்டுக்கொள்கிறேன். கோபத்தை அவர் என்மேல் காட்டட்டும், வேறு ஷெட்டுக்குப் போகட்டும். ஆனால் செய்யாத தப்பில்கூட வண்டியை நிறுத்தி இறங்கி மன்னிப்புக் கேட்ட டிரைவர் அவருக்கு வேறு கிடைக்கமாட்டார்.

எழுதியதை ஏட்டய்யா படிக்கக் கேட்டேன். என் மச்சான் எனக்காகச் சொன்னது ஒன்றைத் தவிர, இதில் உள்ளது எல்லாம் நிஜம்.

(ஒப்பம்) சா. ஞானதாஸ்