அப்பா உயரமாக இருந்தார்

ஹலோ… ஹலோ, கேக்குதா?… ஆங், நான்தான். கடையிலதான் இருக்கேன்… இல்ல, சாப்பிடல. முதல்ல நான் சொல்றதைக் கேளுங்க… ஏங்க, கேளுங்கன்னா!… ஆமா, ஆமா, நம்ம வாலு விஷயம்தான். இங்கிலீஷ் பரீட்சை… மார்க்கா? மார்க் கிடக்குது விடுங்க.

உங்களுக்கு இன்னைக்கு கிளாஸ்ல மௌன அஞ்சலி செலுத்தியிருக்காங்க.

…உங்களுக்குத்தாங்க. மொத்த கிளாஸும் எழுந்து நின்னுருக்கு… விளையாடறேனா? விளையாடற மூடுலயா இருக்கேன் நான்? ஒரு நிமிஷம் இருங்க… மெஷின் ரிப்பேர் சார். ஜெராக்ஸ் எடுக்க முடியாது, அடுத்த தெருவுல பாருங்க… ஆங், சொல்லுங்க… எப்படியா? உங்க பொண்ணையே கேளுங்க. இதோ பக்கத்துலதான் ஸ்டூல்ல உக்காந்து காலை ஆட்டிக்கிட்டு இருக்கா.

வீட்ல ஒருத்தரைப் பத்தி எழுதணுமாம். பாதி சாதாரண வாக்கியம், பாதி சிமிலி, மெட்டஃபர் எல்லாம் போட்டு… அதேதான், நீங்க போன்ல சொல்லிக்குடுத்தீங்களே, சிங்கம் மாதிரின்னா சிமிலி, சிங்கமேன்னா மெட்டஃபர்… தெரியும்ங்க, ஒரு வாரமா அவளோட சேர்ந்து நானும்தானே மண்டையை உடைச்சுக்கிட்டேன்! பாத்திரம் கழுவும்போதுகூட பாஸ்ட் டென்ஸ், பிரசென்ட் டென்ஸ்னு. அவ்ளோவும் சொல்லிக்குடுத்தப்புறம் என்ன எழுதியிருக்கா தெரியுமா? “மை ஃபாதர் வாஸ் எ டால் மேன்.”

…ஆமா. வாஸ். இஸ் இல்ல. எங்கப்பா உயரமா ‘இருந்தார்’.

…சிரிக்காதீங்க! அடுத்த வரி, “மை ஃபாதர் இஸ் எ வாய்ஸ்.” ஆளு ‘இருந்தார்’, இப்ப வெறும் குரலா ‘இருக்கார்’. படிச்சா மிஸ் வேற என்னங்க நினைப்பாங்க? கண்ணைத் துடைச்சுக்கிட்டு நேரா கடைக்கு வந்துட்டாங்க. என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டு, “கேள்விப்பட்டேன், தைரியமா இருங்க”ன்னாங்க. நான் மெஷின் போனதைச் சொல்றாங்கன்னு நெனச்சு…

…என்னத்தைச் சொன்னேன்? “அது ரொம்ப நாளாவே இழுத்துக்கிட்டுதான் மிஸ் இருந்துச்சு, போனதும் நல்லதுதான், வேற ஒண்ணு பாத்து வச்சிருக்கேன்”னேன்… இதுக்கும் சிரிப்பா? அந்தம்மா முகத்தை நீங்க பாத்திருக்கணும்! பேயறைஞ்ச மாதிரி நின்னாங்க. மானம் போச்சு எனக்கு.

…திட்டாம இருப்பேனா? திட்டினேன். நாலு சாத்து சாத்தலாம்னுகூட கை போச்சு. தப்புன்னு ஒத்துக்கவே மாட்டேங்கிறா. “போகும்போது உயரமா இருந்தார்மா. அப்ப நான் அவர் இடுப்புக்கு இருந்தேன். இப்ப நான் வளந்துட்டேன். இப்ப அவர் உயரமா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்?”ங்கிறா…

…என்ன கேட்டீங்க? ‘வாய்ஸ்’ வரியா?

…ம்… இல்ல, அந்த ரெண்டாவது வரியை மெட்டஃபர் எழுதவேண்டிய பாதியில எழுதலைங்க. சாதாரண வாக்கியம் எழுதற பாதியிலதான் எழுதியிருக்கா. மிஸ் அதுக்குத்தான் மார்க் குறைச்சிருக்காங்க. “உருவகம் இல்ல மிஸ், உள்ளதைத்தான் எழுதினேன்”னு அவங்ககிட்டயே சொல்லியிருக்கா… அவகிட்ட குடுக்கவா? உங்ககிட்ட பேசமாட்டாளாம். கேட்டுட்டேன். தலையை ஆட்டுறா.

…என்னது? ‘வந்துட்டே இருக்கேன்’னா?… வேணாங்க. என் வாயைக் கிளறாதீங்க. மூணு வருஷமா நீங்க வந்துட்டேதான் இருக்கீங்க. இங்க வந்து சேர்ந்த ஆளைத்தான் காணோம். போன தடவை துறைமுகத்துல கப்பல் வந்துடுச்சுன்னீங்க, அதுக்கு முந்தின தடவை கிரேன் ஓட்ட வேற ஆளில்லைன்னீங்க… லீவு கொடுக்கலையா, நீங்க கேக்கலையா?… நிஜமாச் சொல்லுங்க… கேக்கவே இல்லையா? அதானே பாத்தேன்! போங்க, இப்பவே போய்க் கேளுங்க. நான் லைன்லயே இருக்கேன்… ஆமா, போனைக் கையோட எடுத்துக்கிட்டுப் போங்க…

…ஏய், நகத்தைக் கடிக்காதே… தெரியலடி, அப்பா நடந்து போறார். பின்னாடி ஏதோ சத்தம்…

ஹலோ?… யாரு, ஃபோர்மேன் சாரா? வணக்கம் சார். ஆமா சார், அவர் சம்சாரம்தான்… இல்லியே, யாரும் சாகலையே!… அவர் அழுதாரா?… ஐயோ, அது வந்து சார், செத்தது அவர்தான்… அதாவது, சாகல, பரீட்சைப் பேப்பர்ல… விடுங்க சார், அது பெரிய கதை.

…என்ன சார் சொல்றீங்க? சாவுன்னா உடனே அனுப்புவீங்க, இல்லேன்னா வரிசையில நிக்கணுமா? அப்போ யாராவது செத்தாத்தான் என் பொண்ணு அவங்கப்பாவைப் பாக்கணுமா?… கோபப்படல சார். ஆமா, கொஞ்சம் சத்தமாத்தான் பேசிட்டேன். சார், உயிரோட இருக்கிற மனுஷனை உயிரோட இருக்கும்போதே ஒரு தடவை அனுப்பி வைங்க. வேற ஒண்ணும் கேக்கல.

…ம்… சரி… ‘பாக்கலாம்’ வேணாம் சார், தேதி சொல்லுங்க… பத்தாம் தேதியா? இந்த மாசமா?… நிஜமாவா?… ஏய் வாலு, பத்தாம் தேதிடி!… என்னடி அப்படிப் பாக்குறே?

…ஒண்ணுமில்ல சார், “வில் கம்”னு எழுதட்டுமான்னு கேக்குறா… ஆமா, வருவார்னு… எழுதுறா, எழுதுறா. இருங்க… பென்சில்லதான் எழுதுவாளாம் சார். அதை அழிக்க வச்சிடாதீங்க. வைக்கிறேன்.