இடது ஆறு, வலது ஏழு

தங்கச்சி – இதுவும் இடதுதான்.

அக்கா – இருக்கட்டும். அந்தப் பக்கம் வை.

தங்கச்சி – அந்தப் பக்கம் இடமில்ல. கட்டில் மேல வைக்கவா?

அக்கா – செருப்பைக் கட்டில் மேல வைப்பாங்களாடி?

தங்கச்சி – புதுசுதானே அக்கா. இன்னும் மண்ணையே மிதிக்காத செருப்பு.

அக்கா – புதுசோ பழசோ, கீழ இறக்கு.

தங்கச்சி – சரி, சரி… கத்தாத. நாப்பத்திரெண்டு… நாப்பத்திமூணு. நாப்பத்திமூணு இருக்கு, ஒண்ணுக்குக் கூட ஜோடி இல்ல. நடக்க இடமில்லாம வீடு பூரா ஒத்தைச் செருப்பு.

அக்கா – அதான் குப்பை வண்டி வந்தா போட்டுடலாம்னு அன்னிலேர்ந்து சொல்றேன்.

தங்கச்சி – போடறதா? விக்கப் போறோம். இணையத்துல. நேத்தே பக்கம் ஆரம்பிச்சாச்சு. "ஒத்தை"ன்னு பேரு கூட வெச்சுட்டேன்.

அக்கா – மாடியில உக்காந்து கம்ப்யூட்டரைத் தட்டித் தட்டி உனக்கு என்னமோ ஆயிடுச்சு. ஒத்தைச் செருப்பை யாரு வாங்குவா?

தங்கச்சி – அதைத்தான் நானும் உன்கிட்ட கேக்கறேன். செருப்புக் கடையில பத்தொம்பது வருஷம் நின்னவ நீ. யாரு வாங்குவா?

அக்கா – எனக்கென்ன தெரியும்…

தங்கச்சி – ஒருத்தர் கூட வந்து ஒத்தையாக் கேட்டதில்லையா?

அக்கா – அந்த வெள்ளைத் துணியை இழுத்து விரி. மடிப்பு தெரியுது.

தங்கச்சி – பேச்சை மாத்தற.

அக்கா – வெளிச்சம் போயிடும்டி. ஜன்னல் பக்கம் முனை இருக்கற மாதிரி வை. அப்பதான் தையல் தெரியும். ம்… இப்ப எடு.

தங்கச்சி – எடுத்தாச்சு. அளவு சொல்லு. ஆறா?

அக்கா – ஆறு, ஏழுங்கறதெல்லாம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஸ்கேலை உள்ள விட்டு அள. சென்டிமீட்டர்ல போடு. அகலமும் போடு.

தங்கச்சி – அகலம் எதுக்கு?

அக்கா – நீளம் சரியா இருந்து அகலம் கடிச்சா, சாயங்காலம் வீட்டுக்கு வந்து வாசல்லயே கழட்டி எறிவாங்க. போடு.

தங்கச்சி – இங்க பாரேன், இந்த இணையதளம் ஒத்துக்க மாட்டேங்குது. எத்தனை ஜோடின்னு மட்டும்தான் கேக்குது. அரைன்னு அடிச்சேன். "தவறான எண்"ணு சிவப்புல திட்டுது.

அக்கா – அப்ப ஒண்ணுன்னு போடு. கீழ விளக்கமா எழுதிடு.

தங்கச்சி – சரி… அக்கா, இந்தப் பழுப்பு வார் வெச்சது இருக்கே. இதுல இடது ஆறு இருக்கு. அதே மாடல், அதே நிறத்துல வலது ஏழு இருக்கு. பாத்தா ஜோடி மாதிரியே இருக்கு, ஆனா ஜோடி இல்ல.

அக்கா – அதுக்கென்ன?

தங்கச்சி – இல்ல… அப்ப இதோட மிச்சம் எங்க போச்சு? வலது ஆறும் இடது ஏழும்? ரெண்டும் ஒரே ஆளு கால்லயா இருக்கு?

அக்கா – டீ ஆறிப்போச்சு. குடி.

தங்கச்சி – கடையை மூடறப்ப இதையெல்லாம் உன் தலையில எப்படிக் கட்டினாங்க?

அக்கா – எத்தனை தடவை சொல்றது? கண்ணாடி அலமாரியில ஒத்தையாத்தான் வைப்பாங்க. அதோட ஜோடி எங்கயாவது தொலைஞ்சுடும். கடையை மூடினப்ப, வேணும்னா எடுத்துட்டுப் போன்னாங்க.

தங்கச்சி – அலமாரியில இருந்ததுன்னா தூசி இருக்கணுமே. இதுல உள்ள அடைச்ச காகிதம் கூடக் கலையல.

அக்கா – நான் தொடைச்சு வெச்சேன்.

தங்கச்சி – காகிதத்தையுமா?

அக்கா – உனக்குச் செருப்பு விக்கணுமா, விசாரணை பண்ணணுமா?

தங்கச்சி – விக்கணும், விக்கணும். அடுத்ததை எடு.

\*

தங்கச்சி – அக்கா! பத்து நாள் கழிச்சு முதல் ஆளு பதில் எழுதியிருக்காரு!

அக்கா – அந்தக் கருப்பு ஷூ வாங்கினவரா? கை ஈரமா இருக்கு, நீயே படி.

தங்கச்சி – "பெட்டியைத் திறந்தால் ஒரே ஒரு ஷூதான் இருந்தது. இன்னொன்றைக் காணவில்லை. ஏமாற்று வேலை."

அக்கா – ஐயையோ… மேலேயே ஒத்தைன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கோமே!

தங்கச்சி – அது கம்பெனி பேருன்னு நெனைச்சாராம்.

அக்கா – போச்சு. எத்தனை நட்சத்திரம் குடுத்திருக்காரு?

தங்கச்சி – ஒண்ணு. அதுவும் ஒத்தை.

அக்கா – சிரிக்காதடி. மானம் போகுது. நான் அப்பவே சொன்னேன், இதெல்லாம் நமக்கு ஒத்து வராதுன்னு. அவரைத் திருப்பி அனுப்பச் சொல்லு. மன்னிப்புக் கேட்டு எழுது. பக்கத்தை மூடு.

தங்கச்சி – இரு, இரு. இன்னொரு செய்தி வந்திருக்கு. "இடது கால் மட்டும். எட்டு. கருப்பு. கிடைக்குமா?"

அக்கா – …எங்க, காட்டு.

தங்கச்சி – இவரு தெரிஞ்சுதான் கேக்கறாரு! ஏன் இடது மட்டும்னு கேட்டு எழுதறேன்…

அக்கா – ஏய், அழி! ஏன்னு கேக்கவே கூடாது.

தங்கச்சி – தெரிஞ்சுக்க வேண்டாமா?

அக்கா – நீ தெரிஞ்சு என்ன பண்ணப் போற? எவ்வளவு நேரம் நிப்பீங்க, தரை எப்படி, மாடிப்படி உண்டான்னு கேளு. மீதியைச் சொல்லணும்னு தோணினா அவங்களே சொல்வாங்க.

தங்கச்சி – கேட்டாச்சு. …தட்டறாரு… தட்டறாரு… வந்துடுச்சு. "வெல்டிங் பட்டறை. எட்டு மணி நேரம் நிற்பேன். சிமென்ட் தரை. ஊன்றுகோல் உண்டு."

அக்கா – அப்ப அந்தப் பளபளன்னு இருக்கறது வேண்டாம், வழுக்கும். மூணாவது வரிசையில தடியா ரப்பர் அடி வெச்சது ஒண்ணு இருக்கு பாரு, அதை எடு. ஒத்தைக் கால்ல நிக்கறவருக்குக் குதிகால்தான் முதல்ல தேயும். உள்ள ஒரு மெத்தை வெச்சுக் குடுக்கறேன், அதையும் எழுது.

தங்கச்சி – இதெல்லாம் எங்க கத்துக்கிட்ட?

அக்கா – எங்க கத்துக்கறது… மத்தவங்க முகத்தைப் பார்த்து வித்தாங்க. நான் முட்டி போட்டு உக்காந்து காலைப் பார்த்து வித்தேன். அவ்வளவுதான்.

தங்கச்சி – பக்கத்தை மூடவா?

அக்கா – வாயை மூடு. பசை டேப் எங்க வெச்ச?

\*

தங்கச்சி – அக்கா, ஃபோன். நம்ம பக்கத்துல போட்ட நம்பருக்கு யாரோ ஒரு டீச்சர் கூப்பிடறாங்க. ஸ்பீக்கர்ல போடறேன்… சொல்லுங்க டீச்சர், எங்க அக்காவும் இருக்காங்க.

டீச்சர் – வணக்கம்மா. ஒத்தை ஒத்தையா விக்கறீங்கன்னு கேள்விப்பட்டேன். எனக்கு ரெண்டு கால் வேணும். ஆனா ரெண்டும் வேற வேற அளவு.

அக்கா – சொல்லுங்க.

டீச்சர் – இடது ஏழு, வலது ஆறு. சின்ன வயசுல வந்த காய்ச்சல்ல வலது கால் வளராம நின்னுடுச்சு. ரொம்ப வருஷம் ஏழே வாங்கி, வலதுல பஞ்சு அடைச்சுப் போட்டேன். கரும்பலகைகிட்ட திரும்பினா செருப்பு ஒரு பக்கம் போகும், கால் ஒரு பக்கம் போகும். பிள்ளைங்க சிரிக்கும்.

அக்கா – கொஞ்சம் நில்லுங்க… கால் தரையில இருக்கட்டும். கட்டை விரலை மட்டும் தூக்குங்க. மேல இடிக்குதா?

டீச்சர் – …

தங்கச்சி – ஹலோ? டீச்சர்? லைன்ல இருக்கீங்களா?

டீச்சர் – இருக்கேன்மா. நீங்க… ரெண்டாவது மாடியில, தூண் பக்கத்துல நிப்பீங்களே, அந்தம்மாதானே?

அக்கா – இல்லீங்க. வேற யாரோ…

டீச்சர் – வேற யாரு கட்டை விரலைத் தூக்கச் சொல்வாங்க? எட்டு வருஷமா வேற யார்கிட்டயும் நான் செருப்பு வாங்கினதில்ல. இந்தக் குரல் எனக்குத் தெரியாதா?

அக்கா – டீச்சர், ஸ்பீக்கர்ல இருக்கு…

டீச்சர் – இருந்தா என்ன? நல்ல விஷயம்தானே, எல்லாரும் கேக்கட்டும். முதல் தடவை ரெண்டு பெட்டியைப் பிரிச்சு, இதுல ஒண்ணு அதுல ஒண்ணு எடுத்து ஒரே பெட்டியில வெச்சீங்க. ஜோடியைப் பிரிக்கக் கூடாதேன்னு நான் பயந்தேன். பேசாம வாங்கிட்டுப் போங்கன்னு கண்ணைக் காட்டினீங்க. அன்னிக்குத்தான் முதல் தடவையா பஸ் ஸ்டாப்புலேர்ந்து வீடு வரைக்கும் வேகமா நடந்தேன்.

அக்கா – …பழுப்பு நிறம். வார் வெச்சது.

டீச்சர் – அதேதான்! இப்பவும் அதே மாதிரி வேணும். பழசு அடி விட்டுடுச்சு.

அக்கா – டீச்சர்… நீங்க வாங்கினதோட மிச்சம்தான் எங்ககிட்ட கிடக்கு. இடது ஆறு, வலது ஏழு. உங்க காலுக்குத் தலைகீழ்.

டீச்சர் – ஓ… அப்ப இல்லையா?

அக்கா – இருங்க. புதுசா ரெண்டு ஜோடி வாங்கினா உங்களுக்கு வேணுங்கறது கிடைச்சுடும். ஆனா மிச்சம் மறுபடி எங்க தலையில நிக்கும். உங்களுக்கு நேர் எதிர் கால் இருக்கற ஒருத்தர் கிடைச்சா, ரெண்டு பெட்டியும் காலி. ஒரு பொண்ணு இருந்தா… பேக்கரியில வேலை. இடது ஆறு, வலது ஏழு. முகம் கூட மறந்துபோச்சு, பாதம் ஞாபகம் இருக்கு. அவளை எங்க போய்த் தேடறது…

டீச்சர் – தேடுங்கம்மா. நான் காத்திருக்கேன். பஞ்சு இருக்கவே இருக்கு.

அக்கா – அவ்வளவு நாளெல்லாம் வேண்டாம். அது சரி, எங்க பக்கத்தை எப்படிக் கண்டுபிடிச்சீங்க?

டீச்சர் – அதுவா, போன வாரம் எனக்கு ஒரு சீட்டு…

தங்கச்சி – டீச்சர், டீச்சர்! உங்க விலாசத்தை ஒரு செய்தியா அனுப்பிடுங்க. அக்கா மறுபடி கூப்பிடுவாங்க. வெச்சிடறேன்!

அக்கா – ஏண்டி அவங்க பேசிட்டிருக்கறப்பவே கட் பண்ணின?

தங்கச்சி – சார்ஜ் இல்ல. ஸ்கேலைக் குடு, அடுத்ததை அளக்கறேன்.

அக்கா – எதுவும் கேக்க மாட்டியா?

தங்கச்சி – ஏன்னு கேக்கக் கூடாதுன்னு நீதானே சொன்ன.

அக்கா – இது கண்ணாடி அலமாரியில இருந்ததில்ல.

தங்கச்சி – ம்.

அக்கா – டீச்சர் மட்டுமில்ல. நிறைய பேருக்கு அப்படிப் பண்ணினேன். மிச்சத்தைப் பெட்டியில போட்டு கிடங்குல பின்னாடி வரிசையில ஒளிச்சு வெப்பேன். எதிர் கால்காரங்க வந்தா அதையே எடுத்துக் குடுப்பேன். பாதிக்கு மேல அப்படியே போயிடும். போகாததுதான் இது. புது மேனேஜர் வந்து ஒருநாள் எல்லாப் பெட்டியையும் திறக்கச் சொன்னாரு.

தங்கச்சி – ம்.

அக்கா – எல்லாரையும் நிக்க வெச்சுக் கேட்டாரு. நான்தான்னு சொன்னேன். நாப்பத்திமூணையும் மூட்டை கட்டி வாசல்ல வெச்சு, உன் கடையை வெளிய போய் நடத்துன்னு அனுப்பிட்டாரு. கடையை மூடல. என்னைத்தான் வெளிய அனுப்பினாங்க. பத்தொம்பது வருஷம் நின்ன இடத்துலேர்ந்து திருடி மாதிரி வந்தேன்னு உன்கிட்ட எப்படிச் சொல்றது? நீ எங்க போனாலும் எங்க அக்கா, எங்க அக்கான்னு பீத்திக்குவ… ஏய், நான் இவ்வளவு சொல்றேன், நீ என்ன சுவத்தைப் பார்த்துட்டு நிக்கற? முன்னாடியே தெரியுமா உனக்கு?

தங்கச்சி – நீ வந்த மறுநாளே தெரியும். மூடின கடையில உன் சாப்பாட்டு டப்பா மாட்டிக்கிச்சேன்னு எடுக்கப் போனேன். கடையில லைட்டெல்லாம் எரியுது, கூட்டம் நிக்குது. வாசல்ல காவலுக்கு நிக்கற அண்ணன் டப்பாவை எடுத்துக் குடுத்து நடந்ததெல்லாம் சொன்னாரு. சொல்லிட்டு, "அந்தம்மா எங்கன்னு காலையிலேர்ந்தே நாலு பேர் வந்து கேட்டுட்டாங்க, நான் என்ன பதில் சொல்றது?"ன்னாரு. அன்னிக்குத்தான் அக்கா இந்த யோசனையே வந்தது. நீயா வாயைத் திறக்கட்டும்னுதான் நானும் எதுவும் தெரியாத மாதிரி துருவித் துருவிக் கேட்டுட்டே இருந்தேன். நம்ம பக்கத்தோட பேரை எழுதி ஒரு கட்டு சீட்டு அவர்கிட்ட குடுத்திருக்கேன், உன்னைக் கேட்டு யாரு வந்தாலும் குடுக்கச் சொல்லி. நேத்து வரைக்கும் பதினேழு பேர் வாங்கிட்டுப் போயிருக்காங்க… அதுல மாவுக் கையோட ஒரு பொண்ணும் வந்தாளாம்.