கோணல் ஆன்டெனா

"ஹலோ... ஆமா, வெர்னா கடைதான்... யாரு, கிளைடா? ஏண்டா இப்படி மூச்சு வாங்குது? ... கூரையில இருந்து இப்பத்தான் இறங்கினியா? ... ஓகோ, லாரிக்காரங்களோட பேசுற ரேடியோவுக்கு ஆன்டெனா மாட்டியாச்சா! அப்போ உங்க தெருவுல கரண்ட் இருக்கா, போயிடுச்சா? ... சரி சரி, கோவிச்சுக்காதே."

வெர்னா ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு காபிப் பாத்திரத்தை அடுப்பில் ஏற்றினாள். மதியச் சாப்பாட்டு வேளை, ஆனால் கடையில் ஈ காக்கை இல்லை. வெளியே, நெப்ராஸ்கா நெடுஞ்சாலையோரம் வரிசையாக நின்ற லாரிகளில் டிரைவர்கள் இறங்காமலே உட்கார்ந்து எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"யாருமே பதில் பேசலையா? ... என்ன பேர் சொல்லிக் கூப்பிட்ட? ... இரும்புக் கழுகா! டேய், கோழி துரத்தினாலே வேலி தாண்டி ஓடுறவன் நீ... ஆமா ஆமா, ரேடியோல பேசுறவங்க எல்லாரும் ஒரு பட்டப்பேர் வெச்சுக்கணும், தெரியும். அதுக்குக் கழுகா? ... சரி, கேபிளை ரெண்டு முனையிலயும் திருகினியா? ... ஆன்டெனா நேரா நிக்குதா? ... கொஞ்சம் சாய்வுன்னா? ... குடிகாரன் சுவத்துல சாஞ்ச மாதிரியா? ... அதான் பார்த்தேன்."

தம்பி கிளைடின் புலம்பலைக் கேட்டபடியே மேசையைத் துடைத்தாள்.

"... தெரியுண்டா. ரோவீனா இந்தப் பக்கம் லாரி ஓட்டுறது இன்னிக்கோட சரி. அடுத்த வாரத்துல இருந்து அவளுக்கு டெக்சாஸ் லோடு. ரெண்டு வருஷமா என் கடையில பக்கத்துப் பக்கத்து ஸ்டூல்ல உட்கார்ந்தீங்களே, அப்போ மனசுல இருக்கறதை அவகிட்ட சொல்றதுக்கு என்ன? வாய்ல என்ன வெச்சிருந்த? ... நான் அடுப்புல சுட்டுக் குடுத்த ஆப்பிள் பையா? ... என்னது, மரக்கட்டையா? என் பை மரக்கட்டையாடா? அவ பக்கத்துல உட்காரணும்னுதான் அதை மென்னு மென்னு முழுங்கினியா!"

வெளியே ஒரு டிரைவர் ஸ்டியரிங்கைக் குத்திக் குத்திச் சிரித்தான்.

"... சரி, அழாதே. ... ஐயோ, கிரீஸ் அப்பினாலும் அவ மூஞ்சி அழகுன்னு எங்கிட்ட சொல்லி என்னடா பிரயோஜனம்? ... இரு, இரு. ரேடியோப் பெட்டி முன்னால சிவப்பு விளக்கு எரியுதா? ... அணையவே இல்லையா? ... மைக் எங்கே? ... மேசை மேலயா? அப்போ அதுல பேசுற பட்டனை யாருடா அமுக்குறது? ... என்னது, ரப்பர் பேண்டா?"

காலையில் இரைச்சல் தாங்காமல் அணைத்து வைத்த தன் ரேடியோவை வெர்னா எட்டித் திருகினாள். கை வலித்ததால்தான் பட்டனைக் கட்டிவைத்ததாகத் தம்பி சொல்லிக்கொண்டிருந்தான், காதிலும் ரேடியோவிலும் ஒரே சமயத்தில்.

"அட மடையா! பட்டனை விட்டாத்தாண்டா அடுத்தவங்க பேசுறது உனக்குக் கேக்கும்! இவ்வளவு நேரமா நீ எங்கிட்ட புலம்பினதை இந்த ரோடு பூரா கேட்டிருக்கு! ... ஆமா. ... அவளும்தான். ... கிரீஸும்தான், மரக்கட்டையும்தான். ... மயக்கம் அப்புறம் போடலாம், முதல்ல அந்த ரப்பர் பேண்டைக் கழட்டு!"

ரேடியோவில் தம்பியின் குரல் சட்டென நின்றது. உடனே சிரிப்பும் விசிலுமாக ஏகப்பட்ட குரல்கள். அத்தனையையும் அதட்டி அடக்கிக்கொண்டு ஒரு பெண்குரல்.

"உஷ்... ரோவீனாடா! கேக்குதா? ... லாரியைத் திருப்பிட்டாளாம். உன் வீடு எதுன்னு கேக்குறா... என்னது? அவளும் என் பையை... ரெண்டு வருஷமா கைக்குட்டையில சுத்திக் கொண்டுபோய் நாய்க்குப் போட்டாளாமா! நாசமாப் போங்க ரெண்டு பேரும்! உங்க கல்யாண விருந்துக்கு அந்தப் பைதான், வேற ஒண்ணும் கிடையாது! ... டேய், ஏன் கம்முனு நிக்கிற? பதில் சொல்லு! ... எங்கிட்ட இல்லடா, அவகிட்ட! பட்டனை அமுக்கு! இப்பத்தாண்டா அமுக்கணும்! ... ஹலோ? ... ஹலோ?"

போன் இணைப்பு அறுந்துபோயிருந்தது.

ரேடியோவில் வெறும் இரைச்சல். வெளியே சிரிப்புகூட நின்றுவிட்டது. காபி பொங்கி வழிவதைக்கூடக் கவனிக்காமல் வெர்னா ரிசீவரும் கையுமாக நின்றாள்.

அப்புறம் இரும்புக் கழுகின் குரல் கோழிக்குஞ்சாக நடுங்கிக்கொண்டு வந்தது.

"சோளக்கிடங்கைத் தாண்டி... வெள்ளை வீடு... கூரையில ஆன்டெனா ஒண்ணு கோணலா நிக்கும்."