ஒன்றரைத் தீப்பெட்டி உயரம்

ஹலோ... ஹலோ, ஜாக் விக்கிற கடைதானே? ... ஆமா, ஆமா, காரைத் தூக்குற ஜாக். ... இல்ல தம்பி, சத்தமாப் பேச முடியாது. மாவு மூட்டைக்குப் பின்னால ஒளிஞ்சு நின்னு பேசுறேன். ... என் சொந்த வீட்லதான். வேற எங்க போய் ஒளிய?

பேரு குலுய்பா. கொச்கோர் பக்கம். ... உங்க பேரு? ... மைராம்பெக். நல்லது. வீட்ல எல்லாரும் சுகமா, ஆடு மாடெல்லாம் சுகமா? ... ஓ, ஆடே இல்லையா, கடை மட்டுந்தானா. ... சரி, கடை சுகமா? ... சரி சரி, விசயத்துக்கு வரேன்.

எம் மகன் உர்மத் பிஷ்கெக் பட்டணம் போய் ஒரு ஜப்பான் கார் வாங்கிட்டு வந்திருக்கான். ரெண்டு பேர் உக்காரலாம். உக்கார எங்க, படுக்கலாம். ... ஆமா, பந்தயக் கார் மாதிரி. அதுவே குள்ளம். இவன் ஸ்பிரிங்கை வேற வெட்டி இன்னும் தாழ்த்தி வச்சிருக்கான். ... ஏன்னு என்னைக் கேட்டா? அழகாம். பூனை வந்தாக்கூட சுத்திக்கிட்டுத்தான் போகுது.

எங்க வாசல்ல வாய்க்கால் மேல ஒரு மேடு உண்டு. முந்தாநாள் அதுல ஏத்துனான். காரோட வயிறு அங்கயே உக்காந்திருச்சு. முன்னாடியும் வராது, பின்னாடியும் போகாது. ... இழுத்தா கீழ எண்ணெய்த் தொட்டி கிழிஞ்சிரும்னு அழுவுறான். எனக்கு வாசல் ஒண்ணே ஒண்ணுதான் தம்பி. உள்ள சம்பந்தி வீட்டு வேன் நிக்குது. ஏழு பேர், நரின்லேருந்து. ... ஆமா, எம் பொண்ணு பெர்மெத்தைக் கேட்டு வந்தவங்க. பேசி முடிச்சாச்சு. பையனும் பொண்ணும் ஒருத்தர் மேல ஒருத்தர் உசுரா இருக்காங்க. எல்லாம் நல்லபடியா முடிஞ்சு, கிளம்பலாம்னு பார்த்தா வாசல்ல இவன் கார்.

... இருக்காங்க. மூணு நாளா இருக்காங்க.

ஊர்ல ஆம்பளைங்களா? ஜூன் மாசம் எவன் இருப்பான்? எல்லாரும் மலை மேல மேய்ச்சல்ல. என் வீட்டுக்காரரும் மந்தையோட அங்கதான். இங்க தூக்குற மாதிரி கை இருக்கிறது அந்த ஏழு பேருக்குத்தான். ... என்ன பேச்சு பேசுறீங்க? சம்பந்தியைக் கார் தூக்கச் சொல்றதா? மருமகன் உறவு நூறு வருசம், சம்பந்தி உறவு ஆயிரம் வருசம்னு சொல்றாங்களே, அந்த ஆயிரம் வருசமும் என்னைப் பேசுவாங்க, குலுய்பா வீட்டுக்குப் போனோம், காரைத் தூக்க வச்சுட்டாங்கன்னு.

அதை விடுங்க, இன்னொண்ணு கேளுங்க. விருந்தாளி கிளம்பக் கூடாதுன்னு தொப்பியை ஒளிச்சு வைக்கிற வழக்கம் இருக்குல்ல? ... ஆமா, அதேதான். பெரிய சம்பந்தி ஜுமாஷ், வந்தவங்கள்ல மூத்தவர், அப்படித்தான் நெனச்சுக்கிட்டார். தொப்பியை ஒளிச்சு வச்சவங்களைப் பார்த்திருக்கேன், வாசல்ல காரையே போட்டு மறிச்ச அன்பை இப்பத்தான் பார்க்கிறேன்னு சொல்லி, கண்ணு கலங்கிட்டார். ... நான் என்ன சொல்ல? ஆமான்னுட்டேன். அப்படிச் சொன்ன வாயால இப்ப டிராக்டர் கொண்டுவந்து காரை இழுத்தா, கழுத்தைப் பிடிச்சு வெளிய தள்ளுன மாதிரி ஆகாதா?

சிரிக்காதீங்க தம்பி. விருந்தாளி இருக்கிற வரைக்கும் நாளுக்கு ஒரு ஆடு அறுக்கணும். மந்தை மலையில. வீட்ல இருந்தது மூணு. முந்தாநாள் ஒண்ணு, நேத்து ஒண்ணு. ... ஆமா. மிச்சம் ஒரே ஒரு கடா. பெர்மெத் கல்யாணத்துக்குன்னு ரெண்டு வருசமா வளர்த்தது. அதைத் தொட்டா வீட்டுக்குள்ள வராதேன்னு என் மனுசன் சொல்லிட்டுப் போயிருக்கார். மத்தியானத்துக்குள்ள இவங்க கிளம்பலைன்னா அதுதான். வேற வழி இல்ல.

சொல்லுங்க, என்ன ஜாக் இருக்கு? ... மூணு டன்னா? எதுக்கு? மாடு எடைகூட இருக்காது அது. எனக்குத் தூக்குறது பெரிசில்ல, உள்ள நுழையணும். ... எடம் எவ்வளவா? அளவுகோல் எங்க இருக்கு, தீப்பெட்டி வச்சு அளந்தேன். ஜாக் வைக்கிற எடத்துல ஒரு தீப்பெட்டி நிக்குது. அது மேல இன்னொண்ணைப் படுக்க வச்சா உரசிக்கிட்டுப் போகுது. ... ஆறரை சென்டிமீட்டரா? நீங்க சொன்னா சரி.

... பதிமூணா? வேண்டாம். எதிர் வீட்டு லாரி ஜாக் அந்த உயரம்தான். அதை நுழைக்கணும்னா முதல்ல காரைத் தூக்கணும். காரைத் தூக்க அது நுழையணும். உர்மத் ஒரு நாள் பூரா அதையே யோசிச்சுக்கிட்டு உக்காந்திருந்தான்.

... எட்டு. ம்ஹூம்.

... பலகை மேல ஏத்தவா? சக்கரம் அந்தரத்துல சுத்துது தம்பி, எதுல ஏறும்? ... மண்ணைத் தோண்டவா? ஐயோ, சம்பந்தி உள்ள இருக்க, வாசல்ல குழி வெட்டுவாங்களா? யாரைப் புதைக்கப் போறீங்கன்னு கேக்க மாட்டாங்களா?

... ஒரு நிமிசம். ஒரு நிமிசம்.

வாங்க சம்பந்தி, வாங்க. காத்தாட நடந்தீங்களா? டீ இதோ வருது. ... போன்ல எங்க அக்கா. முட்டி வலியாம், பாவம்.

சொல்லு அக்கா. ரொம்பக் குனிஞ்சா எவ்வளவு வரைக்கும் குனிய முடியுது? ... ஆறு. ஆறேதானே? பரவாயில்லையே. ... நிமிந்தா? ... அம்பது. மெதுவா எறங்குதா, பொத்துனு விழுதா? ... சத்தம் கேக்குதா? ... எண்ணெய் உள்ளயே இருக்கா, நல்லது. எடை எவ்வளவு? ... நாப்பது கிலோவா? இளைச்சுட்ட அக்கா.

... போயிட்டார். சொல்லுங்க. அந்த ஆறு சென்டிமீட்டர்தான் எனக்கு வேணும். ஜாக்கோட கை நீளமா? உள்ள தள்ளித்தான் தூக்கணும், ஓரத்துல வச்சா தகடு நசுங்கிரும்கிறான். ... ரப்பர் கட்டையோட வருதா? சரி. அதோட சக்கரம் இரும்பா? ... அப்போ அடியில பலகை போட்டுத்தான் உருட்டணும், மண்ணுல பொதைஞ்சிரும். சரி.

திட்டம் என்னன்னா, சாப்பாட்டுக்கு முன்னால ஒரு தூக்கம் போடுவாங்க. அப்போ தூக்கி, தள்ளி, ஓரமா விட்டுட்டா, எந்திரிச்சு வரும்போது வாசல் தானாத் திறந்திருக்கும். அவங்களே ஆசீர்வாதம் சொல்லிட்டுக் கிளம்பிருவாங்க. கடா பிழைச்சிரும். ... அதான், அதான். உடனே அனுப்புங்க.

எழுதிக்கோங்க. கொச்கோர் தாண்டி மூணாவது ஊர், பள்ளிக்கூடத்துக்கு எதிர்ல, நீலக் கதவு. ... என்னது?

... என்னது, அனுப்பியாச்சா? நான் இப்பத்தானே பேசுறேன். ... காலையிலயா? இதே வீட்டுக்கா? ... வெள்ளைக் கார், வாசல் மேட்டுல வயிறு மாட்டிக்கிச்சுன்னு சொன்னாரா? ... உர்மத் இல்ல, அவன் பத்து மணிக்குத்தான் எந்திரிச்சான். ... வயசானவர் குரலா? மெதுவாவா? நரின் பக்கத்துப் பேச்சா?

... நடுவுல ஆடு கத்துச்சா.

ஜுமாஷ். பட்டிக்குள்ள நின்னு பேசியிருக்கார்.

அப்போ போகணும்னுதான் இருந்திருக்கு. கண்ணு கலங்குனது, தொப்பிக் கதை, எல்லாம் வாய்ப்பேச்சு. ஏன், என் கறிக்கு என்ன குறைச்சல்? கறியும் மாவுமா வச்ச பெஷ்பர்மக் உப்பில்லாம இருந்துச்சா? மூணு நாள் தூங்காம மாவு பிசைஞ்சு... இல்ல தம்பி, நீங்க சும்மா இருங்க. இந்த வீட்டுக்கா எம் பொண்ணைக் குடுக்கப் போறேன்?

... என்ன சொன்னார்? முழுசாச் சொல்லுங்க. ... ம். ... ம். ... பட்டியில ஒத்தைக் கடாதான் நிக்குதுன்னாரா? ... எண்ணிப் பார்த்தாரா?

... 'இன்னிக்கும் இருந்தா அந்த அம்மா அதையும் அறுத்துருவாங்க'ன்னு.

... 'போறேன்னு கேட்டா அவங்க மனசு நொந்துரும்'னு.

...

... இருக்கேன். லைன்லதான் இருக்கேன். மாவு கண்ணுல பட்டுருச்சு.

தம்பி, உங்க வண்டி இப்போ எங்க? ... பாலம் தாண்டிருச்சா? ... போன் போட்டுத் திருப்பச் சொல்லுங்க. ... ஆமா, திருப்பத்தான் சொல்றேன். வேண்டாம். இன்னிக்கு வேண்டாம், நாளைக்கும் வேண்டாம். ... அவர் காசு குடுத்திருந்தா திருப்பிக் குடுத்திருங்க, வண்டி கெட்டுப்போச்சுன்னு ஒரு பொய் சொல்லுங்க.

உர்மத், டேய், அந்தக் காரை விட்டுட்டு இங்க வா. கத்தியைத் தீட்டு. ... ஆமாடா, கடாவைத்தான். ... அப்பாகிட்ட நான் பேசிக்கிறேன்.

... பைத்தியமா இல்ல தம்பி, நல்லாத்தான் இருக்கேன். எம் பொண்ணு போற வீட்ல இப்படி ஒரு மனுசன் இருக்கார்னு தெரிஞ்ச பெறகு, அவருக்கு அறுக்காம அந்தக் கடாவை வேற யாருக்கு வச்சிருக்கப் போறேன்? ... சரி, வைக்கிறேன். உலையில தண்ணி கொதிக்குது.