பன்றி வேறு, மனிதன் வேறு

ஈர விறகைப் பற்றவைப்பது எவ்வளவு பெரிய தொல்லை என்று உங்களுக்கும் தெரிந்திருக்கும், ஐயா. அதனால்தான் ஓக் கட்டைகளை வசந்தத்திலேயே பிளந்து, மொராவா ஆற்றோரத்தில் எங்கள் கூடாரத்துக்குப் பின்னால் காயப் போட்டிருந்தேன். ஹினெக்குக்கு அந்தப் பொறுமை கிடையாது.

நாங்கள் இருவரும் ஒரே பேராசிரியரிடம் ஆய்வு செய்தவர்கள். பழைய ஸ்லாவியர்கள் பிணத்தை எரித்து, எலும்பைத் தாழியில் இட்டுப் புதைத்தார்கள். எங்கள் அகழ்வில் கிடைத்த தாழிகளில் எலும்புகள் எல்லாம் நீளவாக்கில் வெடித்திருந்தன. இறந்த உடனே எரித்திருக்கிறார்கள் என்றேன் நான். ஆண்டுக்கணக்கில் அதைத்தான் எழுதிக்கொண்டிருந்தேன். ஹினெக் வந்து சேர்ந்த கோடையிலேயே இல்லை என்றான். சதையோடு எரியும் எலும்பு வளைந்து வெடிக்கும், நேராக வெடித்திருந்தால் சதை மட்கிய பிறகு எரித்தது என்று அர்த்தம் என்றான். ஒரு பன்றியை எரித்தும் காட்டினான். வளைந்துதான் வெடித்தது. பன்றி வேறு, மனிதன் வேறு என்றேன். நியாயமான மறுப்பு, நீங்களே ஒப்புக்கொள்வீர்கள்.

சாப்பாட்டு மேசையில் அவன் ரொட்டியை மென்றுகொண்டே சொன்னான்:

“பன்னி பத்தலையாம்டா இவனுக்கு. அப்போ நீயே ஏறிப் படுத்துக்கோ, புரோகோப். நான் கொளுத்துறேன்.”

எல்லோரும் சிரித்தார்கள். எங்கள் குழுவில் இருந்த ஸ்தென்காவுக்குச் சிரித்த சிரிப்பில் பீர் மூக்கில் ஏறிவிட்டது. நானும் சிரித்தேன். அவன்மேல் எனக்குக் கோபமே இல்லை. வழியைச் சரியாகக் காட்டியவன் அவன்தான்.

அந்தச் சனிக்கிழமை மற்றவர்கள் திராட்சை அறுவடை விழாவுக்கு ஊருக்குள் போய்விட்டார்கள். இன்னொரு பன்றியை எரிக்க நாங்கள் இருவர் மட்டும் தங்கினோம். சிதை அடுக்க அவன் குனிந்தபோது, அகழ்வில் கிடைத்த பழைய கோடரியைப் பார்த்து வடித்த கோடரியால் பிடரியில் வெட்டினேன். சரியாக விழவில்லை. மண்டியிட்டபடியே திரும்பி, “டேய், என்னடா பண்ற?” என்று கேட்டான். கையை உயர்த்தித் தடுத்ததில் விரல்கள் போயின. மற்ற எலும்புகள் கெட்டுவிடக் கூடாதே என்று, அதன் பிறகு கோடரியின் பின்பக்கத்தால் தலையில் மட்டும் அடித்தேன்.

தூக்கிக் கிடத்தியதும் தீ வைத்தேன். கட்டைகள் நன்றாகக் காய்ந்திருந்ததால் உடனே பிடித்துக்கொண்டது. இடுப்புவரை எரிந்தபோது அவன் என் பெயரைச் சொன்னான். இதை நான் மறைக்க விரும்பவில்லை. அப்போது அணைத்திருந்தால் சோதனை கெட்டிருக்கும், அவனும் பிழைத்திருக்கமாட்டான்.

பக்கத்துத் தோட்டத்து லிபுஷா அக்கா கூடை நிறையப் பிளம் பழத்தோடு வந்தவள், சைக்கிளை நிறுத்திக் காலை ஊன்றினாள்.

“என்ன தம்பி, மறுபடியும் பன்னியா? வாசம் ஆளைத் தூக்குது. எங்களுக்கெல்லாம் ஒரு துண்டு கிடையாதா?”

“இது சாப்பிடறதுக்கு இல்லக்கா.”

“படிச்சவங்க புத்தியே தனிதான். நல்ல கறியைக் கரியாக்குறீங்க” என்று சிரித்துக்கொண்டே மிதித்துப் போனாள்.

பன்றியை நான் மறந்தே போனேன். மறுநாள் தார்ப்பாய்க்கு அடியில் அது முழுசாகக் கிடந்ததைப் பார்த்த ஸ்தென்கா, “அப்போ நேத்து எதை எரிச்ச? ஹினெக் எங்கடா?” என்று கேட்டாள். நான் பொய் சொல்லவில்லை. மேசையைக் காட்டினேன். எலும்புகளைத் தூசி தட்டி, அதனதன் இடத்தில் அடுக்கி வைத்திருந்தேன். அவள் போட்ட அலறலில்தான் ஊரே கூடியது, நீங்களும் வந்தீர்கள்.

தொடை, விலா, முழங்கை என்று எல்லாமே வளைந்துதான் வெடித்திருந்தன. ஹினெக் சொன்ன மாதிரியே.

ஆமாம், கொன்றது நான்தான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அவன் சொன்னதுதான் சரி என்று மட்டும் எழுதிக்கொள்ளாதீர்கள், ஐயா. ஒரே ஒரு உடலை வைத்து யாரும் முடிவுக்கு வந்துவிட முடியாது.